சுகாதாரப் படிப்பும் தலைவிதியும்

(பள்ளி இறுதிப் பரீட்சை முடித்த வாலிபர்களும், அவர்களுடைய பெற்றோர்களும் கூடிய ஒரு கூட்டத்தில் செய்த சொற்பொழிவின் சாரம்)



இன்று இங்கு நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் நாமாகத் தேடிக்கொண்டதல்ல. சற்று முன் நாம் இந்தப் பந்தலுக்குள் நுழையும்போது ஒரு தோழர் தம் மகனைக் கையோடு அழைத்து வந்து, “ஐயா, இவனுக்கு டாக்டர் படிப்புக்கு இடம் கிடைக்கவில்லை. பொதுச் சுகாதாரம் என்று ஒரு பட்டப் படிப்பு இருக்கின்றதாம். அதில் சேருகிறேன் என்கின்றான். சாக்கடையைப் பார்க்கிறதற்கு ஒரு பட்டமா? ஊரார் சிரிக்கமாட்டார்களா?” என்று கேட்டார். பையன் தலையைக் குனிந்து கொண்டான். அந்தத் தோழர் கேட்டதில் நமக்கு வருத்தமில்லை. மனதில் உள்ளதை ஒளிக்காமல் கேட்டார். நம் நாட்டில் பத்துப் பேரில் ஒன்பது பேர் மனதில் உள்ள கேள்விதான் அது. ஆகையால் மற்றச் சங்கதிகளையெல்லாம் ஒதுக்கி வைத்துவிட்டு, அந்த ஒரு கேள்விக்கே இன்று பதில் சொல்லலாம் என்று கருதுகின்றோம்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகின்றோம். நாம் சொல்லுகின்றோம் என்பதற்காக எதையும் நம்பிவிடாதீர்கள். நாம் வைத்தியருமல்ல, காலேஜில் பாடம் சொல்லுகின்றவருமல்ல. படித்தும், விசாரித்தும் தெரிந்துகொண்டதைச் சொல்லுகின்றோம். உங்கள் புத்தியைக் கொண்டு உரைத்துப் பார்த்து, சரி என்று பட்டதை மாத்திரம் எடுத்துக்கொள்ளுங்கள்.

வைத்தியமும் சுகாதாரமும்

வைத்தியம் என்பது வேறு. பொதுச் சுகாதாரம் என்பது வேறு. மழை பெய்து வீடு ஒழுகுகின்றது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒழுகுகிற இடத்திலெல்லாம் குண்டானும் சட்டியும் வைக்கின்றோம். அது வேண்டியதுதான், வைக்காவிட்டால் படுக்க இடமிராது. ஆனால் எவனாவது ஒருவன் கூரை மேல் ஏறி, எந்த ஓடு உடைந்திருக்கின்றது என்று பார்த்து மாற்றினால் அல்லவா நாளைய மழைக்கு வீடு ஒழுகாது? வைத்தியர் செய்வது முதல் வேலை. பொதுச் சுகாதாரக்காரர் செய்வது இரண்டாவது வேலை. சட்டி வைக்கிறவருக்கு நாம் கையெடுத்துக் கும்பிடுகின்றோம். கூரை ஏறுகிறவனைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. காரணம் என்னவென்றால், வைத்தியரால் பிழைத்தவன் யார் என்று அவனுக்கே தெரியும். சுகாதாரத்தால் நோயே வராமல் தப்பித்தவனுக்குத் தான் தப்பித்தது தெரியவே தெரியாது. தெரியாதபடியால் நன்றியுமில்லை, மதிப்புமில்லை, அந்தப் படிப்புக்கு ஊரில் பெயருமில்லை.

ஒரு ஊரில் இருபது பேருக்கு ஒரே வாரத்தில் வாந்திபேதி கண்டது என்று வைத்துக்கொள்வோம். உடனே நாலு பேர் அந்த ஊருக்கு வருகின்றார்கள். முதலாவது ஆள் பூசாரி. “ஆத்தாளுக்குக் கோபம், கெடா வெட்டிக் கூழ் ஊற்றுங்கள்” என்கின்றான். இரண்டாவது ஆள் சோதிடன். “கிரகக் கோளாறு, அவரவர் தலைவிதி” என்கின்றான். மூன்றாவது ஆள் வைத்தியர். அவர் உப்புச் சர்க்கரை நீர் கொடுத்து, நரம்பில் மருந்து ஏற்றி, படுத்தவர்களை எழுப்புகின்றார். அவர் செய்தது உண்மையான உபகாரம். நாலாவதாக ஒரு வாலிபன் வருகின்றான். அவன் கையில் மருந்துமில்லை, வேப்பிலையுமில்லை. ஒரு நோட்டுப் புத்தகந்தான் இருக்கின்றது. அவன் என்ன கேட்கின்றான்? படுத்தவர்கள் எந்த எந்தத் தெரு? எந்தக் குழாயில் தண்ணீர் பிடித்தார்கள்? முதலில் படுத்தது யார், எந்தத் தேதி? அதே தெருவில் இருந்துகொண்டு நோய் வராமல் தப்பித்தவர்கள் யார், அவர்கள் எங்கே தண்ணீர் குடித்தார்கள்? இவ்வளவையும் எழுதிக்கொண்டு போய், எந்த இடத்தில் குடிதண்ணீர்க் குழாய் உடைந்து சாக்கடையோடு கலக்கின்றது என்பதைக் காட்டுகின்றான்.

இதில் வேடிக்கை என்னவென்றால், பத்து நாள் கழித்து நோய் தானாகவே கொஞ்சம் தணியும். கொள்ளை நோய்கள் பெரும்பாலும் ஏறுவது போலவே இறங்கவும் செய்யும். அப்பொழுது ஜனங்கள் யாருக்குப் பட்டுத் துணி போர்த்துவார்கள்? பூசாரிக்குத்தான். அடுத்த வருஷம் அதே குழாய், அதே சாக்கடை, அதே வாந்திபேதி, அதே கெடா. நோட்டுப் புத்தகம் வைத்திருக்கின்றவனைக் கேட்டுக் குழாயை மாற்றியிருந்தால் கெடாவும் பிழைத்திருக்கும், மனிதனும் பிழைத்திருப்பான்!

லண்டனில் நடந்தது

இது நாம் கட்டிச் சொன்ன கதை. இனி உண்மையாய் நடந்ததைச் சொல்லுகின்றோம். இந்தப் படிப்பைப் படிக்கப் போகிற எந்த மாணாக்கனுக்கும் பெரும்பாலும் முதல் வருஷத்திலேயே சொல்லிக் கொடுக்கிற சங்கதி இது.

1854ஆம் வருஷம் ஆகஸ்டு மாதக் கடைசியில் லண்டன் நகரில் பிராட் தெரு என்கின்ற வட்டாரத்தில் காலரா பிடித்தது. பத்து நாளைக்குள் 500 பேருக்கு மேல் மாண்டார்கள். அக்காலத்தில் அங்கேயும் படித்தவர்கள் என்ன நம்பிக்கொண்டிருந்தார்கள் தெரியுமா? கெட்ட காற்றினால், நாற்றத்தினால் காலரா வருகின்றது என்று நம்பினார்கள். பெரிய டாக்டர்களும் அப்படியே நம்பினார்கள். சாதாரண ஜனங்களில் பலர் கடவுள் தண்டனை என்றார்கள். ஜான் ஸ்நோ என்கின்ற ஒரு டாக்டர் மாத்திரம், குடல் சம்பந்தமான நோய் வாய் வழியாகத்தானே போயிருக்க வேண்டும், மூக்கு வழியாக எப்படிப் போகும் என்று கேட்டார். கேட்டதோடு நிற்கவில்லை. இறந்தவர்கள் வீடுகளைக் கணக்கெடுத்தார். பெரும்பாலும் எல்லா வீடுகளும் பிராட் தெருவிலிருந்த ஒரு தண்ணீர்ப் பம்பைச் சுற்றியே இருந்தன.

அந்தப் பம்புக்குப் பக்கத்தில் ஒரு ஏழைகள் விடுதி. அதில் 535 பேர் இருந்தார்கள், சுற்றிலும் சாவு, ஆனால் விடுதியில் 5 பேர் மாத்திரமே இறந்தார்கள். விசாரித்தால், விடுதிக்குள்ளேயே தனிக் கிணறு இருந்தது. அதே தெருவில் ஒரு பீர் சாராயத் தொழிற்சாலை. 70க்கு மேற்பட்ட தொழிலாளிகளில் ஒருவரும் காலராவினால் சாகவில்லை. அவர்களுக்குப் பீர் இலவசம். தொழிற்சாலைக்குத் தனிக் கிணறும் உண்டு. ஆதலால் பம்புத் தண்ணீரை அவர்கள் தொடவில்லை. (இதைக் கேட்டுவிட்டு யாரும் இங்கிருந்து நேரே கடைக்குப் போய்விடாதீர்கள்! பீர் காப்பாற்றவில்லை, அந்தத் தண்ணீரைக் குடிக்காததுதான் காப்பாற்றிற்று.) இதற்கு நேர்மாறாக, பல மைலுக்கு அப்பால் ஹாம்ப்ஸ்டெட் என்கின்ற காற்றோட்டமான இடத்தில் ஒரு விதவை அம்மாள் காலராவினால் இறந்தார். அங்கே வேறு யாருக்கும் காலரா இல்லை. அந்த அம்மாள் முன்பு பிராட் தெருவில் குடியிருந்தவர். அந்தத் தண்ணீரின் ருசி பிடித்துப் போய், வண்டியில் ஒரு பாட்டில் தண்ணீர் தினம் தருவித்துக் குடித்தவர்.

காற்றினால் வருகிறதென்றால் பக்கத்து விடுதிக்காரன் ஏன் தப்பித்தான்? தூரத்து அம்மாள் ஏன் இறந்தார்? கடவுள் தண்டனை என்றால் சாராயத் தொழிற்சாலைக்காரன் மேல் கடவுளுக்கு என்ன அவ்வளவு பிரியம்? செப்டம்பர் 7ந் தேதி ஸ்நோ இந்தக் கணக்கை வட்டார சபையாரிடம் சொன்னார். மறுநாள் பம்பின் கைப்பிடி கழற்றப்பட்டது.

இதற்குப் பிறகு அவர் செய்ததுதான் நமக்குப் பெரிதாகத் தோன்றுகின்றது. “என்னால்தான் காலரா நின்றது” என்று அவர் சொல்லிக்கொள்ளவில்லை. ஜனங்கள் ஊரை விட்டு ஓடிப்போனதால் கைப்பிடியைக் கழற்றுவதற்கு முன்பே நோய் இறங்க ஆரம்பித்துவிட்டது என்று அவரே எழுதி வைத்தார். நம் ஊர்ப் பூசாரியை நினைத்துப் பாருங்கள்! தானாகத் தணிந்த நோய்க்குத் தட்சணை வாங்குகிறவன் ஒருவன். தான் செய்த காரியத்திலும் தனக்கு எவ்வளவு பங்கு என்று அளந்து சொல்லுகிறவன் ஒருவன். நம்பிக்கைக்கும் ஆராய்ச்சிக்கும் உள்ள வித்தியாசம் இதில் அடங்கியிருக்கின்றது.

தலைவிதி கம்பெனிக்குக் கம்பெனி மாறுமா?

அதே வருஷத்தில் அவர் செய்த இன்னொரு காரியம் இதைவிடப் பெரியது. தென் லண்டனில் இரண்டு தண்ணீர்க் கம்பெனிகள் ஒரே தெருக்களில் குழாய் போட்டிருந்தன. ஒரு வீட்டுக்கு ஒரு கம்பெனித் தண்ணீர், அடுத்த வீட்டுக்கு மற்றக் கம்பெனித் தண்ணீர். லாம்பெத் கம்பெனி 1852இல் தேம்ஸ் ஆற்றில் நகரத்துச் சாக்கடை கலப்பதற்கு மேலே போய்த் தண்ணீர் எடுக்க ஆரம்பித்துவிட்டது. சவுத்வார்க்–வாக்ஸால் கம்பெனி மாத்திரம் நகரத்துச் சாக்கடை கலந்த இடத்திலேயே எடுத்துக்கொண்டிருந்தது. ஸ்நோ வீடு வீடாய் விசாரித்து இறந்தவர்களைக் கணக்கெடுத்தார். சாக்கடைத் தண்ணீர்க் கம்பெனியின் வீடுகளில் 10,000 வீட்டுக்கு 315 சாவு. மற்றக் கம்பெனியின் வீடுகளில் 10,000 வீட்டுக்கு 37 சாவு!

தோழர்களே! இந்த இரண்டு எண்களையும் மறந்துவிடாதீர்கள். ஒரே தெரு, ஒரே காற்று, பணக்காரனும் ஏழையும் இரண்டு பக்கமும் உண்டு, ஒரே மதம், ஒரே கடவுள். வித்தியாசம் குழாய் ஒன்றுதான். தலைவிதியினால் சாகிறார்கள் என்றால், அந்தத் தலைவிதி கம்பெனிக்குக் கம்பெனி எப்படி மாறிற்று? முன் ஜென்மத்தில் பாவம் செய்தவர்களெல்லாம் கூடிப் பேசி, ஒரே கம்பெனியில் குழாய் வாங்கினார்களா? இப்படி ஒரு கேள்வியைக் கேட்கும் தைரியத்தையும், அதற்குப் பதிலைக் கணக்குப் போட்டு எடுக்கும் திறமையையும் கொடுப்பதுதான் பொதுச் சுகாதாரப் படிப்பு.

பாதிரியும் கணக்கரும்

இன்னும் இரண்டு பேரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்த வட்டாரத்துக் கோயிலில் ஹென்றி ஒயிட்ஹெட் என்று ஒரு இளம் பாதிரியார் இருந்தார். தண்ணீரால் காலரா வருகின்றது என்பதை அவர் முதலில் ஒப்புக்கொள்ளவில்லை. ஸ்நோ சொல்வது தப்பு என்று காட்டுவதற்காகவே வீடு வீடாய்ப் போய் விசாரித்தார். விசாரிக்க விசாரிக்க, ஸ்நோ சொன்னதே சரி என்று அவருக்குப் பட்டது. கடைசியில் பிராட் தெரு 40ஆம் எண் வீட்டில் ஒரு கைக்குழந்தைக்கு முதலில் பேதி கண்டதையும், அதன் துணி அலசிய தண்ணீரை ஊற்றிய குழி பம்புக் கிணற்றுக்கு மூன்றடிக்குள் இருந்ததையும், நடுவிலிருந்த செங்கல் சுவர் இற்றுப் போயிருந்ததையும் கண்டுபிடிக்க வழி காட்டியவர் அந்தப் பாதிரியாரே.

மற்றவர் வில்லியம் பார். இங்கிலாந்தில் ஜனன மரணக் கணக்கு எழுதும் இலாகாவில் இருந்தவர். அவரும் காற்றுக் கட்சிக்காரர்தான். ஆனால் 1866இல் கிழக்கு லண்டனில் காலரா வந்தபோது, தம் கையிலிருந்த கணக்கே ஒரு தண்ணீர்க் கம்பெனியைக் காட்டியபடியால், கட்சி மாறித் தண்ணீரே காரணம் என்று எழுதினார். பிறகு 1883, 84இல் ஜெர்மன் டாக்டர் ராபர்ட் காக் எகிப்திலும் நம் கல்கத்தாவிலும் ஆராய்ந்து காலராக் கிருமியை உலகத்துக்குக் காட்டினார். அதற்கு முப்பது வருஷத்துக்கு முன்பே, கிருமி இன்னதென்று தெரியாத காலத்திலேயே, எண்ணிப் பார்த்தே வழி கண்டுபிடித்துவிட்டார்கள். நேற்றுவரை நம்பினதைக் கணக்கு வேறாகக் காட்டினவுடன் கைவிடுகின்றவனே அறிவாளி. அப்படிப்பட்ட யோக்கியதை பாதிரிக்கும் வரலாம், கணக்குப் பிள்ளைக்கும் வரலாம். வைத்தியருக்கே என்று யாரும் எழுதி வைக்கவில்லை.

நரம்புச் சிலந்தி

சீமைச் சங்கதியாகச் சொல்லுகிறாரே, நம் நாட்டில் என்ன என்று கேட்பீர்கள். இங்கே தலை நரைத்தவர்கள் சிலர் இருக்கின்றீர்கள். நரம்புச் சிலந்தி என்று ஒரு நோய் இருந்ததைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். காலில் கொப்புளம் கண்டு, உடைந்து, அதன் வழியாக நூல் மாதிரி இரண்டு மூன்றடி நீளப் புழு மெள்ள மெள்ள வெளியே வரும். குச்சியில் தினம் கொஞ்சமாகச் சுற்றி எடுப்பார்கள். வேலைக்குப் போக முடியாமல் வாரக் கணக்கில் படுத்திருப்பார்கள். இந்த நோய்க்கு இன்றுவரை தடுப்பூசி கிடையாது; புழுவைக் கொல்ல மருந்தும் கிடையாது. நோயாளி படிக்கட்டுக் கிணற்றிலும் குளத்திலும் காலை வைக்கும்போது புழு குஞ்சு விடுகின்றது. அதைத் தண்ணீரிலுள்ள கண்ணுக்குத் தெரியாத பூச்சி விழுங்குகின்றது. அந்தத் தண்ணீரை வடிகட்டாமல் குடிக்கின்றவன் வயிற்றில் அடுத்த வருஷத்துப் புழு வளருகின்றது.

இதை எப்படி ஒழித்தார்கள்? வீடு வீடாய்ப் போய் நோயாளிகளை எண்ணினார்கள். தண்ணீரைத் துணியில் வடிகட்டச் சொல்லிக் கொடுத்தார்கள். படிக்கட்டுக் கிணற்றை மூடி அடிபம்பு போட்டார்கள். தண்ணீருக்கு மருந்து போட்டார்கள். புண் உள்ளவன் தண்ணீரில் இறங்காதபடி பார்த்துக்கொண்டார்கள். இவ்வளவுதான். இந்தியாவில் கடைசி நோயாளி 1996இல் கண்டது. 2000ஆம் வருஷத்தில் இந்த நாட்டில் அந்த நோய் ஒழிந்தது என்று உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்தது. உலகம் முழுவதிலும் 1986இல் சுமார் 35 லட்சம் பேருக்கு இருந்தது. 2023இல் 14 பேருக்கு மாத்திரமே கண்டது. எத்தனையோ தலைமுறையாக நேர்ந்துகொண்ட நேர்த்திக் கடன்களால் ஆகாத காரியம், ஒரு முழத் துணியாலும், ஒரு கணக்குப் புத்தகத்தாலும் ஆயிற்று!

இந்தப் பட்டத்தில் என்ன படிக்கின்றார்கள்?

நிற்க, பட்டத்துக்கு வருவோம். நெடுநாள் வரை இந்தப் படிப்பு வைத்தியம் முடித்தவர்களும், வேறு பட்டம் பெற்றவர்களும் மேற்படிப்பாகப் படிக்கின்றதாகவே இருந்தது. அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் 1916இல் இதற்கென்று தனிக் கல்விச்சாலை ஏற்படுத்திற்று. நம் நாட்டில் 1932இல் கல்கத்தாவில் அகில இந்திய சுகாதார நிலையம் ஏற்பட்டது. பிறகுதான், ஊரார் உயிர் சம்பந்தமான இந்த அறிவை ஒரு சிலரிடம் பூட்டி வைப்பானேன் என்கின்ற எண்ணம் பலப்பட்டது. அமெரிக்காவில் அறிஞர் குழு ஒன்று 2003இல் வெளியிட்ட அறிக்கையில், கல்லூரி மாணாக்கர் எல்லோருக்குமே பொதுச் சுகாதாரம் படிக்க வசதி வேண்டும் என்று யோசனை சொல்லிற்று. இன்று அமெரிக்கா, இங்கிலாந்து, ஆஸ்திரேலியா முதலிய தேசங்களிலும், நம் நாட்டில் சில பல்கலைக்கழகங்களிலும் பள்ளிப் படிப்பு முடித்தவுடனேயே மூன்று அல்லது நாலு வருஷப் பட்டமாக இதைப் படிக்கலாம்.

அதில் முக்கியமாக ஐந்து பாகம். முதலாவது, நோய் யாருக்கு, எங்கே, எப்பொழுது வருகின்றது என்று ஆராயும் எபிடெமியாலஜி, அதாவது நோய்ப் பரவல் சாஸ்திரம். இரண்டாவது, புள்ளிக் கணக்கு. பத்துப் பேர் ஒரு மருந்தைத் தின்று பிழைத்தால் அது மருந்தினாலா, தற்செயலா என்று தெரிந்துகொள்ளும் வித்தை. (இது ஒன்று பரவினாலே பாதி லேகிய வியாபாரமும், தாயத்து வியாபாரமும் படுத்துவிடும்!) மூன்றாவது, தண்ணீர், காற்று, கழிவு, உணவு, தொழிற்சாலை இவற்றைப் பற்றியது. நாலாவது, சர்க்கார் சட்டம், செலவு, ஆஸ்பத்திரி நிர்வாகம் பற்றியது. ஐந்தாவது, மனிதர்கள் ஏன் இப்படி நடக்கிறார்கள் என்பது. கை கழுவ வேண்டும் என்று தெரிந்தும் ஏன் கழுவவில்லை? சோம்பலா, அல்லது வீட்டில் தண்ணீரே இல்லையா? இதோடு சரியான இடமாக இருந்தால் ஊர்ஊராய் அனுப்பி வேலை பழக்குவார்கள்.

ஒளிக்காமல் சொல்ல வேண்டியது

நாம் இந்தப் படிப்பைப் புகழ்ந்து பேசுகின்றோம் என்பதற்காக இதிலுள்ள குறையை மறைத்தால், நாமும் தாயத்து விற்கின்றவர்களோடு சேர்ந்தவர்களாவோம். ஆகையால் கேளுங்கள். இந்தப் பட்டம் பெற்றவர் டாக்டர் ஆகமாட்டார். ஊசி போடவோ மருந்து எழுதிக் கொடுக்கவோ அவருக்கு உரிமையில்லை. டாக்டர் ஆவதற்குப் பின் வாசல் என்று யாராவது விளம்பரம் செய்தால் அது பித்தலாட்டம். நம் நாட்டில் சர்க்கார் சுகாதார அதிகாரி வேலைக்கு வைத்தியப் பட்டமும், அதன்மேல் சுகாதாரப் படிப்பும் கேட்கின்றார்கள். சுகாதார ஆய்வாளர் வேலைக்கு வேறு பயிற்சி இருக்கின்றது. ஆகவே இந்தப் பட்டம் ஒன்றைக் காட்டினவுடன் சர்க்கார் நாற்காலி கிடைத்துவிடும் என்று எண்ணக்கூடாது. நோய்க் கணக்கெடுப்பு, ஆராய்ச்சி, தடுப்பூசி, சத்துணவு, தண்ணீர்த் திட்டங்கள், ஆஸ்பத்திரி நிர்வாகம், தொண்டு நிறுவனங்கள் முதலிய வேலைகளுக்குப் போகலாம். முதுகலைப் பட்டமும் படிக்கலாம். பணம் கட்டும் முன் மூன்று கேள்வி கேளுங்கள்: இந்தப் பட்டத்துக்குச் சட்டப்படி அங்கீகாரம் உண்டா? எந்த ஊர்களில், எத்தனை மாதம் நேரில் வேலை பழக்குகின்றீர்கள்? முன்பு படித்து முடித்தவர்கள் இப்பொழுது என்ன செய்கின்றார்கள்? மூன்றுக்கும் நேரான பதில் சொல்லாத இடத்தில் கால் வைக்காதீர்கள்.

சென்னை மாகாணத்தில் 1939லேயே பொதுச் சுகாதாரத்துக்கென்று தனிச் சட்டம் செய்தார்கள். இங்கே அதற்கென்று தனி இலாகாவே இருந்து வருகின்றது. 2017இல் இந்திய சர்க்கார் வெளியிட்ட சுகாதாரக் கொள்கையும், எல்லா மாநிலங்களிலும் இந்த வேலைக்கென்று தனி உத்தியோக அணி வேண்டும் என்று சொல்லுகின்றது. சொன்னது காரியத்தில் வர வேண்டுமானால், படித்தவர்களும் வேண்டும், “எங்கே அந்த உத்தியோகம்?” என்று கேட்கிற ஜனங்களும் வேண்டும். சிலர் வேலை வரட்டும், பிறகு படிக்கலாம் என்கின்றார்கள். சர்க்கார் படித்தவன் வரட்டும், பிறகு வேலை வைக்கலாம் என்றால் என்ன ஆகும்? கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் ஆகும் என்கின்ற கதைதான்!

சாக்கடை ஏன் கேவலமாயிற்று?

இனி அந்தத் தோழர் கேட்ட “சாக்கடைப் படிப்பா?” என்பதற்கு வருகின்றோம். சாக்கடை என்றவுடன் அவருக்கு ஏன் கூசுகின்றது? அழுக்குப் பண்ணுகின்றவனை மேல் சாதி என்றும், அழுக்கை எடுக்கின்றவனைக் கீழ் சாதி என்றும் நமக்குப் பழக்கிவிட்டார்கள். குளித்துவிட்டு ஈர வேஷ்டியோடு நின்றால் அது ஆசாரம். அந்தக் குளித்த தண்ணீர் எங்கே போகின்றது, யார் வீட்டு வாசலில் தேங்குகின்றது என்று கேட்டால் அது கீழ்த்தரமான வேலை. தொட்டால் தீட்டு என்று நமக்குத் தெரியும். தொற்றினால் நோய் என்று தெரியாது. மனிதனை ஒதுக்கி வைக்கத் தெரிந்த சுத்தம், மலத்தை ஒதுக்கி வைக்கத் தெரியாத சுத்தமாகப் போயிற்று!

மனிதர் மலத்தை மனிதர் கையால் எடுப்பதைத் தடுத்து 1993இலும், மறுபடியும் கடுமையாக 2013இலும் சட்டம் செய்தார்கள். ஆனபோதிலும் கழிவுத் தொட்டிக்குள் இறங்கி விஷ வாயுவினால் மாண்டவர்கள் செய்தியை இன்னமும் பத்திரிகையில் பார்க்கின்றோம். எந்தத் தெருப் பிள்ளைகள் அவர்கள்? ஏன் திரும்பத் திரும்ப அதே தெருப் பிள்ளைகள்? சாவுக்கு இரண்டு கம்பெனி இருந்தது போல, நம் நாட்டில் சாவுக்குச் சாதி இருக்கின்றதா என்று எண்ணிக் கணக்கோடு காட்ட வேண்டாமா? அதைக் காட்டுவதற்குத்தான் இந்தப் படிப்பு. அதை அந்தத் தெருவிலிருந்து வரும் பிள்ளைகளே படிக்க வேண்டும் என்பது நம் ஆசை. குழாயில் தண்ணீர் வராத வீட்டுப் பெண்ணுக்குத் தெரிகின்ற தண்ணீர்க் கஷ்டம், குழாயைத் திருகினால் கொட்டுகின்ற வீட்டுப் பிள்ளைக்குப் புத்தகத்தில் தெரியாது. ஆகையால் தாய்மார்களே, பெண்ணுக்கு எதற்கு இந்தப் படிப்பு என்று கேட்காதீர்கள். வீட்டில் நோயாளிக்குப் பக்கத்தில் விழித்திருக்கிறது பெண். தண்ணீர் சுமக்கிறது பெண். ஆனால் ஊருக்குத் தண்ணீர்த் தொட்டி எங்கே கட்டுவது என்று தீர்மானிக்கிறது மாத்திரம் ஆண் என்பது என்ன நியாயம்?

நீங்கள் செய்யக்கூடியது

கடைசியாக, காலேஜுக்குப் போகிறவர்களும் போகாதவர்களும் இன்றைக்கே செய்யக்கூடிய ஒரு காரியம் சொல்லி முடிக்கின்றோம். ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். உங்கள் தெருவில் எத்தனை வீடு, எந்த வீடு எங்கே தண்ணீர் எடுக்கின்றது, மேல்தொட்டியைக் கடைசியாக என்றைக்குக் கழுவினார்கள், போன வருஷத்தில் எத்தனை குழந்தைகளுக்குப் பேதி, காய்ச்சல் வந்தது என்று எழுதுங்கள். பிறப்பையும் இறப்பையும் பதிய வேண்டும் என்று 1969ஆம் வருஷத்துச் சட்டம் சொல்லுகின்றது; உங்கள் வீட்டுச் சாவு காரணத்தோடு பதிவாயிற்றா என்று பாருங்கள். எண்ணப்படாத சாவு சர்க்காருக்குச் சாவே அல்ல. எழுதினதை எடுத்துக்கொண்டு பஞ்சாயத்துக் கூட்டத்துக்குப் போய்ப் படியுங்கள். தலைவர் கோபித்துக்கொள்வார், கோபிக்கட்டும். கோபத்துக்கு எண் பயப்படாது.

முன்னே உட்கார்ந்திருக்கின்ற தோழரே! உங்கள் மகன் சேர விரும்பினது சாக்கடைப் படிப்பா என்று கேட்டீர்கள். ஆம், சாக்கடையையும் படிப்பான். சாக்கடை எங்கே குடிதண்ணீரோடு கலக்கின்றது, அதனால் யார் வீட்டுப் பிள்ளை சாகின்றது, யார் அலட்சியத்தால் சாகின்றது என்று படிப்பான். ஊரார் சிரித்தால் சிரிக்கட்டும். அவர்கள் வீட்டுப் பிள்ளைகளும் உயிரோடிருந்து கூடச் சேர்ந்து சிரிக்க வேண்டும் என்பதற்காகத்தான் உங்கள் மகன் படிக்கப் போகின்றான். மேலே சொன்ன மூன்று கேள்வியையும் கேட்டுவிட்டு, பதில் திருப்தியாக இருந்தால் தைரியமாக அனுப்புங்கள். எங்கே, தம்பி, இனித் தலையை நிமிர்த்திக்கொள்.

தோழர்களே! நாம் சொன்னதில் தப்பிருந்தால் எழுந்து கேளுங்கள். பதில் சொல்லக் காத்திருக்கின்றோம்.